செக்ரட்டரி பேசுகிறார்

"காட்டுக்குள்ள போய் அத்தனை வருஷம் படிச்சிட்டு வந்திருக்க. அந்தப் படிப்பை நம்ம குடியிருப்புலயும் கொஞ்சம் காட்டேன் மருமகளே" என்றார் செக்ரட்டரி.

மருமகள் மானுடவியல் படித்தவள். காட்டுக்குள் இருக்கும் கிராமம் ஒன்றில் தங்கி, அங்கே யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். 'அடுத்த வீட்டு வம்புக்கெல்லாம் பட்டம் குடுக்கறாங்களா?' என்று கல்யாணப் பேச்சின்போதே கேலி செய்த மாமனார்தான் இவர். இப்போது அவருக்கே அந்த வம்பு தேவைப்பட்டது.

செக்ரட்டரி என்றதும் ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு மாடிக் குடியிருப்பின் சங்கத்துக்குச் செயலாளர், அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தப் பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். பால்காரர்கூட 'செக்ரட்டரி சார்' என்றுதான் கூப்பிடுவார். அது போய்விட்டால் அவர் வெறும் பென்ஷன்காரர். இதுவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. இந்தத் தடவை மூன்றாம் மாடி பல் டாக்டர் நிற்கிறார்.

"வீடு வீடாப் போ. யாரு நம்ம பக்கம், யாரு அந்தப் பல்லுபிடுங்கி பக்கம்னு விசாரிச்சுச் சொல்லு."

"கேட்டதைக் கேட்டபடி சொல்லிடுவேன் மாமா. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"நான் ஏன் கோவிச்சுக்கறேன்? ஜனங்க மனசு எனக்குத் தெரியாதா?"

டீ கொண்டுவந்த மனைவி, "டாக்டர் என்ன சொல்லி ஓட்டு கேக்கறாராம்?" என்றாள்.

"கூட்டத்தைப் பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாராம். இதெல்லாம் ஒரு கொள்கை. உனக்கு எதுக்கு அந்தக் கவலை? உள்ள போய் அடுப்பைப் பாரு."

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். சங்கமும் சட்டமும் அவள் மண்டையில் ஏறாது என்பது அவர் எப்போதோ எடுத்த முடிவு. வாராவாரம் கூட்டம் நடக்கிறது, ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பாளா?

கூட்டம் என்றால் அப்படி இப்படிக் கூட்டமில்லை. வரவேற்புரை, விளக்கவுரை, நன்றியுரை எல்லாம் செக்ரட்டரியேதான். நின்றுபோன லிஃப்டில் ஆரம்பித்து மனித குலத்தின் வளர்ச்சிவரை போய்விட்டுத்தான் திரும்புவார். கீழ்த்தள ஹாலில் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை கொட்டாவியை மென்றபடி உட்கார்ந்திருப்பான். ஆனால் பாருங்கள், அவர் பேசப் பேசக் காரியங்களும் நடக்கத்தான் செய்தன. நின்ற லிஃப்ட் ஓடியது. ஒழுகின தண்ணீர்த் தொட்டியின் ஓட்டை அடைபட்டது. எல்லாம் தன் வாய் செய்கிற வேலை என்று அவர் மனதார நம்பினார்.

தேர்தலுக்கு முந்தின நாள் மருமகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, நிலவரம் எப்படி?"

"நான் தங்கியிருந்த ஊர்ல ஒரு தலைவர் இருந்தார் மாமா. தினம் சாயங்காலம் எழுந்து நின்னு பேசுவார். யாரும் காதுல வாங்க மாட்டாங்க. அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஆனா அவர் பேசாம இருந்தா மட்டும் விட மாட்டாங்க."

செக்ரட்டரிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஐயோ பாவம். தன்னை ஒப்புக்கு உக்கார வச்சிருக்காங்கன்னுகூடவா அந்த ஆளுக்குத் தெரியாது?"

"அந்தத் தலைவருக்குத் தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா பேசினான்? வெக்கங்கெட்டவன். அதை விடு, நம்ம விஷயத்துக்கு வா."

"நீங்கதான் ஜெயிப்பீங்க. ஒரு வீடு பாக்கி இல்லாம எல்லாரும் உங்களுக்குத்தான். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. டாக்டர் நாளைக்கு விலகிக்குவார்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டரம்மாவா? ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். உங்களை மாதிரி நிதானமாப் பேச ஆள் கிடையாதாம். டாக்டர் மாதிரி பத்து நிமிஷத்துல முடிச்சா யாருக்கும் கட்டுப்படியாகாதாம்."

செக்ரட்டரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு. பேச்சோட அருமை தெரிஞ்ச ஜனங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் அப்படியேதான் நடந்தது. டாக்டர் எழுந்து, வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். கைகள் எல்லாம் உயர்ந்தன. ஏகமனதாகத் தேர்வு.

செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்குப் பேச வரவில்லை. இந்தச் சந்தோஷத்தை முதலில் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாவம், அடுப்படியே கதி என்று கிடக்கிறவள். அவளுக்கும் இதில் பங்கு வேண்டாமா? இரண்டே வரியில் நன்றி சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினார்.

கதவைத் தள்ளினார். கூடம் நிறையப் பெண்கள். டாக்டரம்மா போனில் லிஃப்ட் கம்பெனிக்காரனிடம் அடித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முதல் மாடிக்காரி, தண்ணீர்த் தொட்டி கழுவ எந்த ஆளைக் கூப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாருடைய கண்ணும் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் மேல் இருந்தது.

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? எங்க கூட்டம் முடிய இன்னும் அரை மணி ஆகும். கீழ போய்ப் பேசிக்கிட்டிருங்க, ஒரு ஆம்பளையும் மேல வராமப் பாத்துக்கங்க."