மழைக்கு முன் சவாரி வண்டி

ஐப்பசி மழை இறங்குமுன் சவாரி வண்டியைக் கொட்டகையில் தள்ளி, அச்சுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றியிருக்கிறான் சென்னிமலை. மூங்கில் கூண்டின் இடுக்குகளில் வெயில் கீற்றுக் கீற்றாக இறங்குகிறது. உள்ளே அவன் மனைவி ஆத்தாயி பழைய வைக்கோலை வாரித் தள்ள, தூசி பொன்னாய்ப் பறக்கிறது. கரையான் அண்டாதிருக்கச் சக்கரத்துக்கு வேப்பெண்ணெய் பூசியபடி அவன் சொல்கிறான்: “இனிச் சித்திரையிலதான் வண்டி எடுக்கோணும்.”

“மாசியிலயே வேணுமுங்க. எங்க ஆத்தா ஊட்டுக்குப் போகோணும்.”

“மாசியில அங்க என்ன சோலி?”

“ஒருத்தியாப் போயி ரெண்டு பேராத் திரும்பற சோலிதானுங்க.”

கல்யாணமாகி எட்டு வருஷம். அவன் கை நின்றுவிடுகிறது. கூண்டுக்குள் வளையல் சத்தத்தோடு சிரிப்புக் கேட்கிறது. அவன் பூசி முடித்த சக்கரத்துக்கே மறுபடியும் எண்ணெய் பூசுகிறான்.