பொத்தான் டப்பா

"கொஞ்சம்கூடக் கூசாம வெட்டியிருக்காரே, மனுஷனா இவர்?"

ஆல்பத்தை என் மூக்குக்கு நேரா நீட்டினார் என் வீட்டுக்காரர். பழைய குடும்பப் படம். எல்லாரும் இருக்காங்க. அவரோட அத்தை நிக்கிற இடத்துல, முகம் மட்டும் ஓட்டை. இப்படிப் பதினோரு படம்.

அத்தை, மனசுக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டுப் போனவங்க. வெட்டினவர் அவங்க கூடப்பிறந்த அண்ணன், டெய்லர். குடும்பத்துல அவருக்குப் பேரே கத்தரி சித்தப்பா.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் குடும்ப வரலாற்றைக் கையில எடுத்தார். பிறப்புப் பதிவு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, ஒண்ணையும் விடலை. சொந்தக்காரங்க இவர் போனை எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. இப்போ எட்டடி பேனர் ரெடி. அஞ்சு தலைமுறை, படத்தோட நூத்திப் பதினேழு பேர்.

"நூத்திப் பத்தொன்பது"ன்னேன்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

கேக்கலைதான். வாயை மூடிக்கிட்டேன். அதுல எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம்.

ஆல்பம், பேனர், நான், மூணையும் இழுத்துக்கிட்டு சித்தப்பா கடைக்குப் போனார். சித்தப்பா ஒரு சட்டையில பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தார். போன்ல ரெக்கார்டு பண்றது என் வேலை.

"கூடப்பிறந்தவ மூஞ்சியை வெட்ட எப்படி சித்தப்பா மனசு வந்துச்சு? பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா அவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா? வரலாறு மன்னிக்காது!"

வரலாறே இவரைத்தான் பேசச் சொல்லி அனுப்பினாப்பல ஒரு தோரணை.

சித்தப்பா நூலைக் கடிச்சு அறுத்தார். மெஷினுக்கு அடியிலேருந்து பொத்தான் டப்பாவை எடுத்து மேஜையில கவிழ்த்தார்.

பொத்தானோட பொத்தானா, சின்னச் சின்ன முகங்கள். எல்லாம் அத்தை. எண்ணினேன், பதினொண்ணு.

"மொத்தப் படத்தையும் அடுப்புல போடச் சொன்னார் உங்க தாத்தா. இவ மூஞ்சியை மட்டும் வெட்டி எரிச்சிடறேன், மத்தது இருக்கட்டும்னேன். வெட்டினேன். எரிக்கலை."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"எல்லாரும் திட்டத்தான் வந்தீங்க. யாரு கேட்டீங்க?"

ஒவ்வொரு முகமா எடுத்து அதது ஓட்டையில வச்சார். கச்சிதமா உட்கார்ந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் வீட்டுக்காரரும் மூக்கை உறிஞ்சினார்.

"முகம்தான் கிடைச்சாச்சே, அத்தையை பேனர்ல சேர்த்துடறேன் சித்தப்பா. மொத்தம் நூத்திப் பதினெட்டு!"

"பத்தொன்பது"ன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாவே.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியை ஏத்திவிட்டு, பேனரை விரிச்சு, எங்க பேர் இருக்கிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார்.

"உங்க சின்னப் பொண்ணு இருக்கா. மூத்தவ எங்கே?"

"அவ... நம்ம பேச்சை மதிக்காம எவனையோ கட்டிக்கிட்டுப் போனவ. அதுவுமில்லாம, இடம் பத்தலை சித்தப்பா."

"எட்டடியில?"

சித்தப்பா பொத்தானை எல்லாம் அள்ளி டப்பாவுல போட்டார். மூடாம என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா, மூத்தவ படம் இருந்தா கொடு. இந்த டப்பாவுல இப்பத்தான் இடம் காலியாச்சு."