அலமாரிச் சாவி

"அலமாரிச் சாவியைக் குடுங்க அங்கிள். நாளைக்குப் பத்து மணிக்கு லேண்ட் ஆபீஸ்ல விசாரணை. பேப்பரெல்லாம் இன்னைக்கே எடுத்து வைக்கணும்."

சுகுமாறன் இடுப்பில் செருகியிருந்த சாவியை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார்.

"என்ன பேப்பர்?"

குமுதா கையிலிருந்த மலாய்க் கடிதத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அம்மாவோட இறப்பு சர்டிபிகேட், அது என்கிட்ட இருக்கு. வீட்டுப் பத்திரம். என்னோட பிறப்புப் பத்திரம். அப்புறம், உங்க ரெண்டு பேரோட கல்யாண சர்டிபிகேட்."

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவர் பதில் சொன்னார்.

"அது வெள்ளத்துல போயிடுச்சி."

"வெள்ளம் ஹாலுக்குத்தான் வந்துச்சி. அலமாரி மாடில இருக்கு."

"அப்ப கரையான் அரிச்சிருக்கும்."

"இரும்பு அலமாரி அங்கிள்."

பதினாறு வருஷமாக அங்கிள்தான். தனலெட்சுமிக்குக் கோயிலில் தாலி கட்டி, கிள்ளானில் அவள் பெயரில் இருந்த இந்த வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோதே குமுதாவுக்கு இருபத்தைந்து வயது. முதல் புருஷனுக்குப் பிறந்த ஒரே மகள். தனலெட்சுமி போய் எட்டு மாசம். உயில் ஒன்றும் எழுதவில்லை.

போன் அடித்தது. விமலன். அவருடைய முதல் சம்சாரத்தின் மகன், ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறான். சுகுமாறன் போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

"அப்பா, சாவியைக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"குடுக்காதீங்க. நீங்க கல்யாணத்தைப் பதியலன்னு குமுதா அக்காவுக்குத் தெரியவே கூடாது. லாயர்கிட்ட கேட்டேன். பதிஞ்சிருந்தா மூணுல ஒரு பங்கு உங்களுக்கு. பதியலன்னா நீங்க சட்டத்துல புருஷனே இல்ல. வீடு முழுக்க அவங்களுக்கு. மறுநாளே உங்களை வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்பினா உன் வீட்டுக்கு வரேன்."



"இங்க ரூம் இல்லலா அப்பா."

போனை வைத்துவிட்டார். பதியச் சொல்லித் தனலெட்சுமி எத்தனையோ தடவை கேட்டாள். இவர்தான் முடியாது என்றார். பேப்பரில் பெயர் ஏறினால், வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். தவிர, கவர்மெண்டு பேப்பர் எதையும் அவர் நம்பியதில்லை. இப்போது எழுபத்திரண்டு வயது. போக இடமில்லை.

திரும்பி வந்தார். குமுதா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"உங்க அம்மா இருந்தா இப்படிச் சாவி கேட்டு நிக்க மாட்டா."

"ஆமா, கேட்க மாட்டாங்க. நீங்க தூங்கும்போது எடுத்துடுவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"செய்வா. என் ஐசி அடையாளக் கார்டு கெட்டுப்போச்சின்னு மாத்துறதுக்கு ரெண்டு தடவை ஆபீசுக்கு இழுத்துக்கிட்டுப் போனவதானே. ரெண்டாவது தடவை பட்டுச்சேலை வேற. கவுண்டர்ல நிக்க எதுக்குடி பட்டுன்னு திட்டினேன். நீயும் இருந்தியே."

"நான்தானே கார் ஓட்டினேன். அப்புறம் பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு. ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடிச்சீங்க."

தனலெட்சுமி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. சாவியை எடுத்து மேசையில் போட்டார். போட்ட வேகத்தில் அது கீழே விழுந்தது.

"எடுத்துக்க. வெள்ளமும் இல்ல, கரையானும் இல்ல. உங்க அம்மாவை நான் பதிஞ்சிக் கட்டல. தாலியோட சரி. நாளைக்கு ஆபீசர்கிட்ட அப்படியே சொல்லு, இந்த ஆள் யாரோன்னு. என் சட்டையெல்லாம் பையில போட்டு வச்சிட்டேன்."

கதவுக்குப் பின்னால் சந்தைக்குக் கொண்டுபோகிற ஒரு பாசார் பை உப்பிக்கொண்டு இருந்தது. குமுதா அதைப் பார்த்தாள். சாவியைப் பொறுக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. இழுப்பறை ஒன்று திறந்தது, மூடியது. இனி இந்த வீட்டில் தனக்கு எத்தனை நாள் என்று சுகுமாறன் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறங்கி வந்தவள் பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு பேப்பரை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? ஐசி ஆபீஸ்ல குடுத்த ரசீது. அந்த உறையைப் பத்து தடவை பார்த்திருக்கேன்."

"ஐசி மாத்துற அதே ஆபீஸ்லதான் கல்யாணமும் பதியிறாங்க அங்கிள். இந்தம்மாவைச் சம்மதத்தோட கட்டிக்கிறீங்களான்னு ஆபீசர் கேட்டாரு. என்ன கேக்கிறாருன்னு காதுல வாங்காமலே பசி கோபத்துல 'யா, யா'ன்னு கத்தினீங்க. உங்ககிட்ட சொன்னா கிழிச்சிப் போட்டுடுவீங்கன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அதான் பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கல. போய் அந்தச் சட்டையெல்லாம் எடுத்து மாட்டுங்க, கசங்கிடும்."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கவர்மெண்டு பேப்பரை சுகுமாறன் இரண்டு கையாலும் பிடித்தார். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது, கையெழுத்து தெரியும். கோணலாக அவருடையது, பக்கத்தில் தனலெட்சுமியுடையது, அதற்குக் கீழே சாட்சிக்கு விட்ட இடத்தில், மாசாமாசம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அட்டையில் குமுதா போடுகிற அதே கையெழுத்து.