மைதா போன இடம்

கடலைத்தோலை அரைத்து அழுத்தி, பாய்லரில் எரிக்கும் சின்னக் கட்டிகளாக பெல்லட் போடும் காக்களூர் கம்பெனி அது. கேன்டீனில் முதலாளி பரோட்டாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தணிகை, நாளுக்கு நாள் சின்னதாவுது?"

"தெனம் மைதா காணாம போவுது சார், பேஜாரா கீது. இன்னிக்கிதான் ஆள் மாட்னாங்க," என்று மாஸ்டர் தணிகைவேல், பெல்லட் மிஷின் ஓட்டும் கங்கம்மாவைக் காட்டினார்.

"ஊட்ல புள்ளைங்களுக்காம்மா?" என்றார் முதலாளி. " என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேனே சார்," என்றாள் கங்கம்மா எரிச்சலாக. "வெறும் தோலு ஒட்டாது, பெல்லட்டு உதிருது, கலக்கறதுக்கு மாவு வாங்கிக் குடுங்கன்னு எத்தினி வாட்டி கேட்டேன். வீண் செலவுன்னு கத்தினீங்க."

முதலாளி முழித்தார். "இப்போ பெல்லட்டு கல்லு மாதிரிதானே வருது?"

"வராம? உங்க பாதி பரோட்டா அதுலதான் கீது."