சுபேதார் கேட்ட கேள்விகள்

“டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் எங்கீங்க?”

சுபேதார் இன்னாசிராஜின் மீசையைப் பார்த்ததுமே அழகுமலை விறைப்பாக நிமிர்ந்து நின்றுகொண்டான். பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய பள்ளி அது. சாப்பாடு, படுக்கை, புத்தகம் எல்லாம் இலவசம். பிள்ளைகளைச் சேர்ப்பதும் விடுதியைக் கவனிப்பதும் இந்தச் சுபேதார்தான்.

“மண்சரிவுல போயிருச்சுய்யா. வீட்டோட சேந்து.”

அழகுமலை பார்த்த ஒரே உத்தியோகம், கேரள மலையில் சக்குபள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலரை ஓட்டுவது. சண்டையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், லீவில் வந்த சிப்பாய்கள் டீக்கடையில் அளந்தவை. ஆனால், பக்கத்தில் நிற்கும் மகள் பூமாரிக்கு இங்கே இடம் கிடைக்காவிட்டால், அடுத்த வாரமே அவள் ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியதுதான்.

“சர்ட்டிபிகேட் இல்லீன்னா, கேக்கறதுக்குப் பதில் சொல்லோணும். எழுபத்தொண்ணு சண்டையில எங்க இருந்தீங்க?”

“ராஜஸ்தான் எல்லையிலய்யா.”

“டாங்கு பாத்தீங்களா?”

“பாத்தேனாவா? உள்ள இருந்தவன் குடிச்ச பீடி வாடையே எனக்கு அடிச்சுச்சு. அம்புட்டுப் பக்கம்.”

“அட! அது எப்படீங்க சத்தம் போடும்?”

அழகுமலை கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று உறுமிக் காட்டினான். அச்சு அசல் பேக்டரி ரோலர். பூமாரி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பொறவு?”

“ஓடினேன்யா.”

“ஓடினீங்களா?”

“டாங்கைப் பாத்துத்தான்யா ஓடினேன்! மேல ஏறி, மூடியத் தொறந்து, குண்ட உள்ள போட்டு, மறுபடியும் மூடிட்டேன்.”

சுபேதார் நாற்காலியிலிருந்து எழுந்தார். “கண்ணு, நீ வெளிய நில்லு” என்று பூமாரியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அழகுமலை தான் சொன்ன கதையை மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். கடைசியில் மூடியை மூடியிருக்கக் கூடாதோ?

“ஐயா, புள்ள நல்லாப் படிக்கும்யா...” என்று இழுத்தான்.

“சேத்தாச்சுங்க.” சுபேதார் பதிவேட்டில் பெயரை எழுதினார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மாசம் ஒருக்கா புள்ளையப் பாக்க வருவீங்கள்ல? அப்ப இதே மாதிரி ரெண்டு சண்டை எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. பசங்க தெனமும் போர்க்கதை கேட்டு உசுர வாங்கறாங்க. நான் எங்கீங்க பட்டாளத்துக்குப் போனேன்? பக்கத்துல இருக்கற இந்த வாளையார் செக்போஸ்ட்டயே தாண்டுனதில்லீங்க!”