கேட்காமல் ஒலித்த மேளம்

“இன்னா செவ்வந்தி, உன் வூட்டுல கெட்டிமேளம் கேக்குது! எங்களக் கூப்புடாமயே பொண்ணுக்குத் தேதி குறிச்சிட்டியா?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் கமலா குரல் கொடுத்தாள். காலையிலிருந்து மரவள்ளி பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்த செவ்வந்தி, கையில் ஒட்டிய செம்மண்ணோடு உள்ளே பாய்ந்தாள்.

“எழிலு! நிறுத்துடி அத! ஊரே கேக்குது!”

மகள் எழில்மதி மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செய்தி படிக்க ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், ஓரத்தில் விளம்பரமாக ஒரு மணமேடை முளைத்து, நாயனமும் தவிலுமாக வரன் பார்க்கக் கூப்பிட்டது. அதை மூடினால் கீழே இன்னொன்று. நாலு நாளாக இதே கூத்து.

“நான் எங்கம்மா போட்டேன்? அதுவா ஓடுது. யாரக் கேட்டு ஓட்றானுங்க? வூட்டுக்குள்ள பூந்து கத்தறதுக்கு இவனுங்களுக்கு இன்னா உரிமை?”

கோபம் வந்தால் எழில்மதிக்கு விரல் வேகமாகிவிடும். அமைப்புகளுக்குள் போனாள். தனியுரிமை, அனுமதிகள் என்று இறங்கி, ‘தானாக இயங்குதல்’ இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, ‘ஒலி, காட்சி இரண்டையும் தடு’ என்பதைத் தட்டினாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். மணமேடை வந்தது. ஆனால் தவில்காரர் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

“பாரு. இனிமே நாம அமுக்கினாதான் ஓடும். நம்மளக் கேக்காம எவனும் வாயத் தொறக்க முடியாது.”

செவ்வந்தி நகரவில்லை. “சத்தத்த நிறுத்திட்ட, சரி. அது ஏன் கல்யாண வெளம்பரமாவே வருது?”

“இன்னா கேக்குற?”

“கம்ப்யூட்டர் கடை பிரவீன்குமாரு சொன்னான். நாம எதத் தேடறமோ அதான் வெளம்பரமா வருமாம். உரம் தேடனா உரம். மாப்ள தேடனா மாப்ள.”

எழில்மதி திரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

செவ்வந்தி கைச் செம்மண்ணை முந்தானையில் துடைத்தபடி மகளையே பார்த்தாள். அடுத்த வாரம் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? போன வாரம்கூட நூறு நாள் வேலை அட்டைக்கென்று அம்மாவை நீலப் புடவை கட்டச்சொல்லி, தலையில் கனகாம்பரம் வைத்து, ‘சிரிம்மா, சிரிம்மா’ என்று போட்டோ பிடித்தாளே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே!

“எவன்டி அவன்?”

“உளுந்தூர்பேட்டைல ஓட்டல் வச்சிருக்காரு. பேரு காசிநாதன். நல்ல மாதிரியாத் தெரியுது.”

“இன்னா ஆளுங்க?”

“பாக்கல. பாக்கவும் மாட்டேன்.”

“வயசாவது பாத்தியா?”

“நாப்பத்தெட்டு.”

செவ்வந்தியின் கை மூலையிலிருந்த துடைப்பத்தைத் தேடியது.

“பொறுமையாக் கேளும்மா. சம்சாரம் தவறிப் பத்து வருசம் ஆவுதாம். ஒரே பையன், அவனும் கோயமுத்தூர் பக்கம் வேலைக்குப் போயிட்டானாம்.”

“ரெண்டாந்தாரமா! அடிப்பாவி! நீ மூணாவது படிக்கறப்ப உங்கப்பன் போய்ச் சேந்தான். ஒத்த ஆளா வெயில்ல வெந்து உன்ன டிகிரி படிக்க வச்சேன். எதுக்கு? கெழவனுக்குச் சோறாக்கிப் போடவா?”

“அவருதாம்மா சோறாக்குவாரு. ஓட்டல்காரரு.”

துடைப்பம் முதுகில் ஒன்று வைத்தது. வலிக்கிற அடியில்லை. ஆனாலும் செவ்வந்தி அடித்த இடத்தை அவளே தடவிக்கொடுத்தாள். குரல் உடைந்துவிட்டது.

“வேணாம்டி கண்ணு. வேற எவனக் காட்டினாலும் கண்ண மூடிக்கினு சரின்னு சொல்றேன். இந்தாளு மட்டும் உனக்கு வேணாம்.”

“எனக்கு யாரு கேட்டா?”

எழில்மதி மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பினாள். “அவருக்கு இன்னும் அனுப்பலம்மா. நீ அமுக்கினாதான் போவும்.”

திரையில், ‘மணமகள், வயது 43’ என்ற எழுத்துக்கு மேலே, நீலப் புடவையும் கனகாம்பரமுமாகச் செவ்வந்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.