நூற்று எழுபது பவுண்டு

தராசு சொல்லாத எதுவும் உலகத்தில் கிடையாது என்று டெல்பர்ட் அறிவித்திருந்தான்.

கான்சாஸில் எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு விமானம் உண்டு. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, எங்களைவிட வயதில் மூத்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்ததால் மறுபடி எடைபோட வேண்டியிருந்தது. காற்று இறக்கையைத் தூக்கிவிடாமல் கொட்டகைக் கதவை மூடிவிட்டு, மெக்கானிக் நோரீன் மூன்று சக்கரங்களையும் தராசுகளில் ஏற்றினாள்.

பழைய எடையைவிட நூற்று எழுபது பவுண்டு கூடுதலாக இருந்தது. பயணி ஒருவருக்கு வழக்கமாகப் போடும் கணக்கு அது.

"பெயிண்ட்டை அடிச்சியா, இல்ல ஊத்துனியா?" என்று நோரீனிடம் கேட்டான் டெல்பர்ட்.

விரிப்பு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தோம். அந்த நூற்று எழுபது அப்படியே இருந்தது.

"இந்த எடையோட நாலு பேர் பறக்க முடியாது," என்றாள் நோரீன். "சனிக்கிழமை உன் ரெண்டு பொண்ணுல ஒருத்தி வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

டெல்பர்ட் முகம் சுருங்கிவிட்டது. மகள்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

"கதவைத் திறந்து, உள்ள உக்காந்திருக்கிறவங்கள கொஞ்சம் இறங்குங்கன்னு மரியாதையா கேட்டுப் பாரு," என்றாள் நோரீன். " போன மாசம் இன்னொரு விமானத்துல நான் கேட்டேன்."

"இறங்குனாங்களா?"

"இறங்குனாங்க."

"உனக்குப் போய் லைசென்ஸ் குடுத்தாங்களே, தாயே!" டெல்பர்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

நானும் நோரீனும் காபிக்குக் கிளம்பினோம். விட்டுவந்த பர்ஸை எடுக்க நான் திரும்பிப் போனேன். விமானத்தின் வலக்கதவு திறந்திருந்தது. டெல்பர்ட் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலி இருக்கையை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றான்.

"பாத்து இறங்குங்க சார். படி வழுக்கும்."